கேரவன் வேன் கட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: மைக்காவுக்குப் பின்னால் இருந்தவை

திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் சமையல் மேடையும் கழிப்பறையும் உள்ள கேரவனாக மாற்றிக்கொள்ள எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வேனைக் கட்டித் தந்த பட்டறையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருக்கிறது. அது முடியும்வரை பெயர் சொல்ல வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் கூறியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் எதையெதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்பது தெரிந்தால் இன்னொரு குடும்பத்தின் சேமிப்பாவது தப்பும்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை, தாமிரபரணிக் கரையோடு நவகைலாயக் கோயில்கள் ஒன்பதையும் நிதானமாகத் தரிசித்து வர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தரையோடு பதித்த கழிப்பறையில் அவளால் அமர முடியாது. அதனாலேயே நாங்கள் கிளம்பிய பயணங்கள் பலவும் பாதியில் நின்றன. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், 2018ஆம் ஆண்டு மாடல், 12 இருக்கை கொண்ட ஓன் போர்டு (சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்த) டிராவலர் ஒன்றை வாங்கினேன். உள்ளே வேலை செய்வதற்காக, நாற்கரச் சாலையை ஒட்டி இருந்த ஒரு பட்டறையில் தை மாதம் அதை விட்டேன்.

பேசிய தொகை 6,20,000 ரூபாய். 45 நாளில் வண்டி கைக்கு வரும் என்றார்கள். என்னென்ன பொருள் போடுவார்கள் என்பதை எழுதித் தருமாறு நான் வற்புறுத்தியதால், உரிமையாளர் தம் கடைத் தாளில் கைப்பட எழுதிக் கொடுத்தார்: 710 பிளைவுட் (தண்ணீரைத் தாங்கும் தரம்), 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர், அதற்கு 35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் கேபிள், 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) மாற்றம் ஏற்றித் தருவது. இன்று என் வழக்குக்கு இருக்கும் ஒரே முதுகெலும்பு அந்தத் தாள்தான். ஆனால் பணம் கொடுத்த விதத்தில் பெரிய தவறு செய்துவிட்டேன். 4,20,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன், மீதி 2,00,000 ரூபாயை, "ஜி.எஸ்.டி. மிச்சமாகும் அண்ணாச்சி" என்று அவர் சொன்னதைக் கேட்டு, ரசீது இல்லாமல் கையில் கொடுத்தேன். அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.

வேலை நடந்தபோது நான் வாரம் ஒருமுறை போனேன். போகும்போதெல்லாம் பலகைகள் மேல் மைக்கா ஒட்டி, மூலைகளில் பட்டை அடித்து, பார்க்க அழகாகவே இருந்தது. "கவலைப்படாதிய அண்ணாச்சி, நம்ம வண்டி மாதிரி பாத்துச் செய்யுதேன்" என்பார். 45 நாள் ஐந்து மாதமாக நீண்டு, ஆனி மாதம் வண்டி வந்தது. எடுத்த அன்றே, "திருப்திகரமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரு இரவுகூட உள்ளே தங்கிப் பார்க்காமல் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கக் கூடாது.

முதல் பயணத்தில் கல்லிடைக்குறிச்சியில் உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரவு தங்கினோம். விடிந்ததும் பாபநாசம் போவதாகத் திட்டம். காலை ஐந்து மணிக்கு என் மனைவி இண்டக்ஷன் அடுப்பில் பால் காய்ச்சினாள், பிறகு இட்லிச் சட்டியை ஏற்றினாள். ஆவி வரத் தொடங்கிய நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. படுக்கைக்குக் கீழே இருந்த பலகையைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டதுபோல் சுட்டது. அடுப்பையும் இன்வெர்ட்டரையும் அணைத்தேன். பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்சைத் தேடினால் அப்படி ஒன்று வைக்கவே இல்லை. அவளை இறக்கி வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பலகையின் திருகுகளைக் கழற்றி, பேட்டரி முனையின் நட்டை ஸ்பேனரால் நான் கழற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

என் மைத்துனரின் மகன் எலக்ட்ரீஷியன். மறுநாள் வந்து பார்த்தவன் முதலில் கேட்டது, "மாமா, ஃபியூஸ் எங்க?" என்றுதான். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் எந்த ஃபியூஸும் இல்லை. சிவப்புக் கேபிள் முழுவதும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவன் நகத்தால் அதை உரித்துக்கொண்டே போனான். ஒரு முழம் உரித்த பிறகு, உறையின் மேல் வெள்ளை எழுத்தில் '6' என்ற எண்ணும் சதுர மில்லிமீட்டர் குறியும் தெரிந்தன. 35 என்று எழுதித் தந்த இடத்தில் இருந்தது வெறும் 6 ஸ்கொயர். 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும்போது, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், கேபிளில் ஓடுவது ஏறத்தாழ 90 ஆம்பியர். அதற்கு 25 ஸ்கொயருக்குக் குறைந்த கம்பியைப் போடவே கூடாது என்று விளக்கினான். வண்டித் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல், அந்தக் கேபிள் போயிருந்தது. தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில் உறை மெழுகுபோல் இளகி, காகிதத் தடிமன்தான் மிச்சமிருந்தது. உறை முற்றிலும் அறுந்து செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேட்டரியையும் அவனே சோதித்தான். 12.8 வோல்ட், 200 ஏ.எச். என்றால் 2560 வாட்-மணி. முழுச் சார்ஜில், புது ஃபியூசும் சரியான கேபிளும் போட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் இழப்பெல்லாம் போக 20 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். பதினொரு மணி நேரத்தில் அணைந்துவிட்டது. உள்ளே இருந்தது 100 ஏ.எச். பேட்டரி, மேலே ஒட்டியிருந்தது 200 என்ற ஸ்டிக்கர். இந்தச் சோதனைக்கு ஒரு பல்பும் ஒரு கடிகாரமும் போதும். வண்டியைப் பெற்றுக்கொள்ளும் முன் யாரும் இதைச் செய்யலாம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியின் இணைப்பில் கசிந்த நீர் பட்டு, கட்டில் பலகையின் ஓரம் பதினைந்தே நாளில் அப்பளம்போல் உப்பியிருந்தது. 710 தரப் பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. ஒரு சிறு துண்டை அறுத்து, வீட்டில் பழைய அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். 710 தரத்துக்கான சோதனையில் பலகை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும். நான் வைத்த துண்டு நான்கு மணி நேரத்தில் சீட்டுக்கட்டாகப் பிரிந்து, கண் எரியும் வாடையோடு பாத்திரத்தில் மிதந்தது. ஆகவே மைக்கா ஒட்டும் முன் பலகையை நேரில் போய்ப் பாருங்கள், முத்திரையைப் படம் எடுங்கள், அறுத்ததில் மிஞ்சும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

தொட்டியையும் பேட்டரியையும் இடப்பக்கமே, பின் சக்கரத்துக்கு அப்பால் வைத்திருந்தார்கள். 120 லிட்டர் தண்ணீர் என்றாலே 120 கிலோ. தொட்டியை நிரப்பி, சமதரையில் நிறுத்தி, மட்கார்டிலிருந்து தரைக்கு டேப் பிடித்து அளந்தால் இடப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. நாற்கரச் சாலையில் காற்று அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஐந்து கிலோ எரிவாயு உருளை ஒன்றையும், காற்றுப் போக வழியே இல்லாத அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அலமாரியின் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை இல்லாவிட்டால் அதை வைக்கவே கூடாது. நான் உருளையை அன்றே எடுத்துவிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஆர்.சி.யில் இருந்தது. எட்டு இருக்கைகளைக் கழற்றி, படுக்கை போட்டு, கூரையில் ஓட்டை எடுத்த வண்டிக்கு, ஆர்.சி.யில் இன்னும் 12 இருக்கை என்றே இருந்தது. கேட்டபோதெல்லாம், "பிரேக் இன்ஸ்பெக்டரை நான் பாத்துக்கிடுதேன்" என்பதே பதில். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நானே போய் விசாரித்தபோதுதான், மாற்றம் செய்வதற்கு முன்பே அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது தெரிந்தது. உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தத் தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கு. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. பட்டறைக்குப் போனதும் முதலில் அதைக் கேளுங்கள். தங்கள் வடிவமைப்புக்கு அதன்படி ஒப்புதல் பெற்றிருப்பவர் சான்றிதழைக் காட்டுவார், பேச்சை மாற்றுபவரிடம் வண்டியை விட வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் வண்டி எரிந்திருந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் இருந்திருக்கும்.

கேபிள் துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "பாத்துத்தானே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போனிய?" என்று மட்டும் கேட்டார். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வழக்கறிஞர் அறிவிப்புக்கும் பதில் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்டுக்கொண்டு, ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். என்னிடம் ஆதாரம் உள்ள 4,20,000 ரூபாய்க்கு மட்டுமே புகார். பிரித்த ஒவ்வொன்றையும் பிரிக்கும் முன்பும் பின்பும் மைத்துனரின் மகன் படம் எடுத்து வைத்திருந்தது இப்போது மிகவும் உதவுகிறது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தால் காட்டுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

பழைய இருக்கைகளைப் பட்டறையில் எப்போதோ விற்றுவிட்டார்கள். அதே மாடல் இருக்கைகளைத் தேடி மதுரை வரை போய் வந்தோம், நான்கு கிடைத்திருக்கின்றன. மீதி கிடைக்கும்வரை வண்டியைச் சாலையில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த விசாரணைக்குக் கொண்டுபோக, உறை இளகிய கேபிள் ஒரு முழமும், கொதித்துப் பிரிந்த பலகைத் துண்டும், தேதி எழுதிய உறைகளில் பீரோவில் இருக்கின்றன.