பழைய டீசல் காரில் ஆர்பிஎம் முள் படுத்துவிட்டால் மீட்டரைக் கழற்ற விடாதீர்கள்

காமன் ரயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) வேலை செய்யவில்லை என்று போன என்னிடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 7,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மீட்டர் போர்டையே மாற்றிவிட்டார்கள். கோளாறு இருந்தது டைனமோவில் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்) மாட்டாமல் விட்ட ஒரு ஒயரில்.

பேரிங் சத்தத்துக்காக டைனமோவைக் கழற்றிச் சரிசெய்தவர்களும் அவர்கள்தான். வண்டி திரும்பி வந்ததிலிருந்து முள் எழவே இல்லை. "பேட்டரி சார்ஜ் ஏறுதே சார், டைனமோ நல்லாத்தான் இருக்கு. மீட்டர்தான் போயிருச்சு" என்று எங்கிருந்தோ ஒரு பழைய போர்டை எடுத்து மாட்டினார்கள். அப்போதும் முள் அசையவில்லை. அடுத்து, இன்ஜின் சுற்றை அளக்கும் கிராங்க் சென்சார் மாற்றணும் என்றார்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள என் வண்டியில் அப்படியொரு சென்சாரே கிடையாது. அதற்கு மேல் அங்கே வண்டியை விடவில்லை.

பழைய பெட்ரோல் வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டருக்கு சிக்னல் இக்னிஷன் காயிலில் இருந்து போகும். டீசலில் காயில் ஏது? அதனால் அந்தக் காலத்து டீசல் வண்டிகள் பலவற்றில் டைனமோவின் பின்புறம் 'டபிள்யூ' என்று தனி முனை இருக்கும். உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகளுக்குப் போகும் முன்பே ஏசி மின்சாரத்தை அது வெளியே கொடுக்கும். இன்ஜின் வேகம் கூடக்கூட அதன் துடிப்பும் கூடும், மீட்டர் அதை எண்ணிக் காட்டும். இந்த ஒயர் கழன்று கிடந்தாலும் பேட்டரி சார்ஜ் ஆகும், சார்ஜ் சிவப்பு விளக்கும் அணையும். "சார்ஜ் ஏறுதே" என்ற பேச்சை நம்பவே கூடாது.

வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் பார்த்ததே அந்த முனையைத்தான். ஒயரை மாட்டாமல் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். ஒயர் முனையில் லக் (உலோகக் கொக்கி) போட்டு மாட்டினார், முள் எழுந்துவிட்டது.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது டபிள்யூ முனைக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். ஏழெட்டு வோல்ட் போல வரவேண்டும். வராவிட்டால் டைனமோ. அங்கே வந்து மீட்டர் பிளக்கில் வராவிட்டால் ஒயர். பிளக் வரை வந்து, மீட்டருக்குக் கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தால் மட்டுமே மீட்டரைச் சந்தேகப்படலாம். ஹெட்லைட் போட்டதும் முள் இறங்கி, கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. டைனமோ மாற்றிய பிறகு முள் எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டினால் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) அளவு வேறாக இருக்கலாம்.

பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது கிலோமீட்டருக்குத்தான். கிலோமீட்டர் கணக்கும் அந்த போர்டிலேயே இருப்பதால், இப்போது என் வண்டியில் ஓடுவது யாரோ ஒருவர் வண்டியின் கணக்கு. நாளை விற்கப் போனால் வாங்குபவர் என்னைத்தான் சந்தேகப்படுவார். பழைய போர்டைக் கேட்டதற்கு "குப்பையில போட்டாச்சு" என்கிறார்கள். பில்லில் 'எலக்ட்ரிகல் வேலை' என்று ஒரே வரி. மீட்டர் போர்டில் யாராவது கை வைப்பதற்கு முன் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து, அதே எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். கழற்றியதைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டாலும், போர்டை மாற்றினோம் என்று எழுத்தில் தரும்வரை விடப்போவதில்லை.