45 என்று சொல்லி விற்ற 40: பழைய மசில்லோடர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பென்சில்வேனியாவில் நம் ஆட்கள் சிலர் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, பழைய பிளின்ட்லாக் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போமே, அந்த வகைதான் மசில்லோடர். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிளின்ட்லாக்கில் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழும். குழலின் உள் அகலம்தான் காலிபர், 45 என்றால் 0.45 அங்குலம். நம் நாட்டில் மான் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே அது உரிமத்தோடு, கணக்கோடு நடக்கிறது. பென்சில்வேனியாவில் பிளின்ட்லாக்குக்கு என்றே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு சீசன் தொடங்கும். இந்த நீளக் குழல் ரைஃபிள் 1700களில் உருவானதே இதே மாநிலத்து லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மன் கொல்லர்களின் பட்டறைகளில்தான். அந்த ஆசையில்தான் நானும் போனேன்.

ஒரு பழைய பொருள் கடையில் 650 டாலருக்கு வாங்கினேன். மேப்பிள் மரக் கட்டை, பித்தளைப் பூண், பார்க்க அவ்வளவு அழகு. கட்டியிருந்த அட்டையில் "45 காலிபர், மானுக்கு ஏற்றது" என்று எழுதியிருந்தது. குழலில் எந்த முத்திரையும் இல்லை. யாரோ வீட்டில் உதிரிப் பாகங்களை வாங்கிக் கையால் பூட்டியது. கடைக்காரரிடம் கேட்டேன். "45தான், இந்த மாநிலத்தில் மானுக்குச் சட்டப்படி சரி" என்றார். ஒரு தோல் பையில் நாற்பது குண்டும், வெட்டிய துணித் துண்டுகளும் சேர்த்துக் கொடுத்தார். நான் அந்தக் குண்டுகளை அளக்கவே இல்லை. எல்லாம் ஒரே பையில் வந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்தியது. சந்தேகம் வர வழியே இல்லாமல் போனது.

அவர் கொடுத்த மருந்தும் தவறு. அது கருமருந்து இல்லை, அதற்குப் பதிலாக வருகிற மாற்று மருந்து. அதற்குப் பற்ற அதிகச் சூடு வேண்டும். பிளின்ட்லாக்கின் பொறிக்கு ஒழுங்காகப் பற்றாது. பொறி விழும் சின்னக் கிண்ணத்தில் குபீரென்று எரியும், குழல் சும்மா இருக்கும். நான்கைந்து முறை அப்படி ஆன பிறகு அசல் கருமருந்து வாங்கினேன், சரியாகிவிட்டது. அப்போதே அந்தக் கடைக்காரருக்கு விஷயம் தெரியவில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பயிற்சி மைதானத்தில் 50 கெஜத்தில் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஜனவரி முதல் வாரத்தில் காட்டுக்குப் போனேன். ஏறக்குறைய 60 கெஜத்தில் ஒரு பெண் மான், பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். புகை விலகியபோது அது ஓடிக்கொண்டிருந்தது. பனியில் முதல் இருபது அடிக்கு ரத்தமே இல்லை. அப்புறம் ஒரு சொட்டு, குன்றிமணி அளவு. பத்து அடி தள்ளி இன்னொன்று. நண்பரைக் கூப்பிட்டு, இரவு ஒன்பது மணி வரை டார்ச்சோடு தேடினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் தடம் போய்விட்டது. இரவெல்லாம் பனி பெய்து, காலையில் எல்லாவற்றையும் மூடியிருந்தது. அந்த மான் கிடைக்கவில்லை. அது எத்தனை மணி நேரம் தவித்ததோ, இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது.

என் குறி தவறியது என்றுதான் நினைத்தேன். இன்னும் பயிற்சி வேண்டும் என்று வேறு கடையில் 45க்கான குண்டு ஒரு டப்பா வாங்கினேன், 0.440 அங்குலம். வீட்டு மேசையில் துப்பாக்கியை நிறுத்தி ஒரு குண்டைக் குழல் வாயில் வைத்தேன். துணி கூட வைக்கவில்லை, வெறும் குண்டு. அது உள்ளே இறங்கவில்லை. குப்பி வாயில் வைத்த கோலிக்குண்டு மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன், அசையவில்லை. தம்பி ஒருவர் மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறார், அவர் அகலம் அளக்கிற வெர்னியரோடு வந்தார். குழலின் வாய் 10.16 மில்லிமீட்டர். அதாவது 40 காலிபர். 45 என்றால் 11.43 இருக்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் பிளின்ட்லாக் சீசனில் மானுக்கு 44 காலிபருக்குக் குறைந்த நீளத் துப்பாக்கி கூடாது. ஆக, தெரியாமல் சட்டத்தை மீறியது நான். அதிகாரி காட்டில் நிறுத்திக் கேட்டால் கடையின் பெயரை அல்ல, என் லைசென்ஸைத்தான் கேட்பார்.

இது வெறும் காகித விதி இல்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உருண்டைக் குண்டு நவீன வேட்டைத் தோட்டா மாதிரி மானுக்குள் போய்ப் பெரிதாக விரிவதில்லை. அதன் அகலமும் எடையும்தான் வேலை செய்ய வேண்டும். அந்த எடையோ, விட்டம் கொஞ்சம் கூடினாலே, விட்டத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும். 40க்கான குண்டு 93 கிரெய்ன், ஆறு கிராம்தான். 45க்கானது 128. 50க்கானது 177. 54க்கானது 224, அதாவது பதினான்கரை கிராம். 40லிருந்து 50க்குப் போனால் அகலம் கால் பங்குதான் கூடுகிறது, எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டை என்பதால் காற்றில் வேகத்தையும் சீக்கிரம் இழக்கும். கெஜம் கூடக் கூட, எடை குறைந்த குண்டு மறுபக்கம் துளைத்து வெளியே வருகிற வாய்ப்பும் குறையும். ஒரே துளை என்றால் ரத்தத் தடம் மெலிந்துவிடும். அந்தப் பனியில் நான் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

40 மானுக்கு ஆகவே ஆகாது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஒஹாயோவில் 38 போதும். கொலராடோவில் மானுக்கு 40, எல்க் என்கிற பெரிய மான் வகைக்கு 50. நிதானமான கையும், முப்பது நாற்பது கெஜத்துக்கு மேல் சுடாத கட்டுப்பாடும் இருந்தால் 40 வேலை செய்யும். ஆனால் என் கையில் இருப்பது 40 என்று தெரிந்திருந்தால் 60 கெஜத்தில் விசையைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தத் தெரிவை என்னிடமிருந்து பறித்ததுதான் எனக்கு ஆத்திரம்.

திரும்பக் கடைக்குப் போனேன். "அட்டை பழைய உரிமையாளர் எழுதியது, பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார்கள். அந்தக் குண்டுப் பையைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் 250 டாலருக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மறுபடி அதே அட்டையோடு அலமாரியில் ஏறும் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. மசில்லோடரை மத்திய அரசின் சட்டம் மற்ற துப்பாக்கிகளைப் போல நடத்துவதில்லை. பல இடங்களில் சாதாரணச் சாமான் மாதிரியே கைமாறும். எனவே ரசீதில் காலிபரை எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கப் போகும்போது ஒரு வெர்னியரும், நீங்களே வேறு கடையில் வாங்கிய 0.440, 0.490 குண்டுகளும் (45க்கும் 50க்கும்) பையில் இருக்கட்டும். முதலில் கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் அடையாளம் போட்டு, அதே கம்பியை வெளியே குழலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கம்பியின் நுனி, பொறி உள்ளே போகிற தீத்துளைப் பக்கம் வரை எட்டவில்லை என்றால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். தொடாதீர்கள். குழலுக்குள் குண்டைச் சுழற்றுகிற முறுக்குப் பள்ளங்கள் இருக்கும். காலி என்று உறுதியான பிறகு இறுக்கமான துணியைக் கம்பியில் சுற்றித் தள்ளி, அந்தப் பள்ளங்களில் கம்பி எவ்வளவு தூரத்துக்கு ஒரு சுற்று சுழல்கிறது என்று கவனியுங்கள். உருண்டைக் குண்டுக்கு 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று நல்லது, 48 பரவாயில்லை. 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் அது நீளக் குண்டுக்கான குழல். காலிபர் சரியாக இருந்தும் குறி சிதறலாம். புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது, குழல் வெடித்துவிடும்.

முதல் துப்பாக்கிக்கு என் சிபாரிசு 50. குண்டும் துணியும் எங்கும் கிடைக்கும், பென்சில்வேனியா மானுக்குத் தாராளம். உருண்டைக் குண்டு மட்டுமே சுடுவேன் என்றால் 54 இன்னும் நல்லது. 45 சட்டப்படி சரிதான், ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இந்த வருஷத்துக்கு நான் 50தான் வாங்கியிருக்கிறேன், குழலில் முத்திரை உள்ளது.

பழையது அலமாரியில் இருக்கிறது. விசைக் காப்பில் புது அட்டை ஒன்றைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறேன். தடித்த மையில் இரண்டு மொழியிலும் எழுதியது: "40 காலிபர். பென்சில்வேனியாவில் மானுக்குக் கூடாது."