ஃபயர் எம்ப்ளம்: விருந்தாளியாக அறிமுகமான ஒரு தொடருடன் இருபது ஆண்டுகள்

ஃபயர் எம்ப்ளம் என்ற வீடியோ கேம் தொடரை நான் முதலில் கண்டது இன்னொரு விளையாட்டுக்குள்தான். பல விளையாட்டுகளின் பாத்திரங்கள் ஒன்றுகூடி மோதும், 2001-இல் வெளிவந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில், மரியோவும் பிக்காச்சுவும் நிற்கும் வரிசையில் மார்த், ராய் என இரண்டு வாள்வீரர்கள் நின்றார்கள். தொடர் 1990-இலேயே ஜப்பானில் ஃபாமிகாம் கருவியில் தொடங்கிவிட்டது என்றாலும், அதுவரை அதன் ஒரு பாகம்கூட அந்நாட்டுக்கு வெளியே விற்பனைக்கு வந்ததில்லை. ராயின் நிலை இன்னும் வியப்பானது. அவன் நாயகனாக வரும் பைண்டிங் பிளேட் என்ற பாகம் ஜப்பானிலேயே 2002 மார்ச்சில்தான் வெளியாயிற்று. தன் கதை தொடங்குவதற்கு முன்பே அவன் பிறர் வீட்டு விருந்துக்கு வந்துவிட்டான்.

மார்த்தின் வாள் நுனியில் பட்டால் அடி கனமாக விழும். ராயின் வாளோ பிடிக்கு அருகில் பட்டால்தான் வலுவாகத் தாக்கும். ஒரே மாதிரி வாள் வீசும் இருவரை இந்த ஒரு வேறுபாட்டால் இரண்டு மனிதர்களாக்கியிருந்த நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் ஸ்மாஷில் யார் விழுந்தாலும் சில நொடிகளில் திரும்பி வந்துவிடுவார்கள் என்பதால், இவர்கள் பிறந்த உலகில் விழுந்தவர் எழுவதில்லை என்பதை அங்கே நான் ஊகித்திருக்கவே முடியாது.

அதைக் கற்றுக்கொடுத்தது, 2003-இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு ஆங்கிலத்தில் வந்த முதல் ஃபயர் எம்ப்ளம். கட்டங்களாகப் பிரித்த களத்தில் ஆளை நகர்த்தி, எதிரியின் முறைக்குக் காத்திருந்து, மறுபடி நகர்த்தும் வியூக விளையாட்டு அது. வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும்; இதுதான் ஆயுத முக்கோணம். லின் என்ற சமவெளிப் பெண்ணின் கதையில் விதிகளைப் பழகியபின் எலிவுட், ஹெக்டர் ஆகியோரின் கதை விரிகிறது. அந்த எலிவுட்தான் ராயின் தந்தை என்று அறிந்தபோது, மாதக்கணக்கில் நான் ஆட்டிவைத்த ஒருவனுக்குத் திடீரென்று ஒரு குடும்பம் கிடைத்ததுபோல் இருந்தது.

அதே விளையாட்டில் நீனோ என்ற சிறுமி பிற்பகுதியில் படையில் சேர்கிறாள். மந்திரம் தெரிந்தவள், உடல் வலு மிகக் குறைவு. மூன்று அத்தியாயங்கள் பொத்திப் பொத்தி வளர்த்தபின், ஒரு கட்டம் தவறி முன்னே நிறுத்தியதால் அவளை இழந்தேன். அவள் கடைசியாகச் சில சொற்கள் பேசிவிட்டு மறைந்தாள். அடுத்த அத்தியாயத்தின் ஆள்பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் விழுந்த அத்தியாயத்தை முதலிலிருந்து திரும்ப ஆடினேன். அன்று முதல் அடி படும் வாய்ப்பாகத் திரையில் தெரியும் விழுக்காட்டை இருமுறை பார்க்காமல் நான் யாரையும் நகர்த்துவதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: கேம் பாய் அட்வான்ஸ் பாகங்கள் இரண்டு தற்செயல் எண்களின் சராசரியை எடுத்துக்கொள்வதால், திரையில் 90 என்று தெரிவது உண்மையில் ஏறக்குறைய 98, 10 என்று தெரிவது ஏறக்குறைய 2. எதிரிக்கும் அதே கணக்குத்தான்.

இந்த இழப்பின் கனம் விருந்துக்குப் போன இடங்களில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே எனக்கு அளவுகோல். 2017-இல் வந்த ஃபயர் எம்ப்ளம் வாரியர்ஸ், நூற்றுக்கணக்கான எதிரிகளை ஒரே வீச்சில் சாய்க்கும் வேறு வகை விளையாட்டாக இருந்தும், ஆயுத முக்கோணத்தையும், விரும்பினால் விழுந்தவரை இழக்கும் கிளாசிக் முறையையும் விடாமல் வைத்திருந்தது. அதற்காகவே அதை மதிக்கிறேன். அதே ஆண்டு கைப்பேசிக்கு வந்த ஹீரோஸில் 8-க்கு 6 கட்டங்கள் கொண்ட சிறு களமும் நான்கு பேர் கொண்ட அணியும் அழகாகப் பொருந்தியிருக்கின்றன. ஆனால் அங்கே விழுந்தவர்கள் அடுத்த ஆட்டத்திற்குள் திரும்பிவிடுகிறார்கள். அச்சம் முழுவதும், புதிய வீரர்களைத் தரும் குலுக்கலில் விரும்பியவர் கிடைப்பாரா என்பதற்கு மாறிவிடுகிறது. சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டேன். மெலீக்குப் பின் வந்த ஸ்மாஷ் பாகமான அல்டிமேட்டில் இத்தொடரிலிருந்து எட்டுப் பேர் இருப்பதும் எனக்குக்கூடச் சற்று அதிகமாகவே படுகிறது.

தொடர் தனக்குத் தானே விருந்து வைத்தது 2023-இன் என்கேஜில். பழைய நாயகர்கள் பன்னிருவர் மோதிரங்களில் உறைந்து வருகிறார்கள். மோதிரத்தை அணிந்தவருக்கு அவர்களின் ஆற்றல் கிடைக்கிறது. ராயின் மோதிரம் தரும் திறன், போதிய உயிர்ப்புள்ளி இருக்கும்வரை சாவடி விழுந்தாலும் ஒரு புள்ளியுடன் நின்றுபிடிப்பது. கதையின் வசனங்கள் பல இடங்களில் மெலிந்திருக்கின்றன. ஆனால் களங்களின் அமைப்பு தொடரிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பேன்.

அதன் பதினோராம் அத்தியாயத்தை மூன்று முறை ஆடியிருக்கிறேன். அதுவரை சேர்த்த ஆறு மோதிரங்களும் எதிரியின் கையில் இருக்கின்றன. செய்த தவறைப் பின்னோக்கிச் சுழற்றித் திருத்தும் காலப் படிகமும் இல்லை. கிளாசிக் முறையில் ஆடினால் 2003-இன் அதே பயம் முழுதாகத் திரும்பி வருகிறது. இம்முறை துரத்துபவர்களின் விரல்களில் மார்த்தும் ராயும் இருக்கிறார்கள். தப்பி ஓடும் படைக்கு நடுவழியில் வந்து சேரும் மோதிரங்களில் ஒன்று லின்னுடையது.