யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஸ்கைடைவர் முதலில் வாங்க வேண்டியது: அல்ரி-2 கலக்ஸி உயரமானி

இங்கே இருந்துகொண்டு ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து குதித்துப் பரசூட்டில் இறங்குவதைப் பழகுகிற எவருக்கும் குதிக்கிற நாளை விடக் குதிக்காமல் இருக்கிற நாள்தான் அதிகம். விசா, லீவு, விமானச்சீட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் துபாய்க்கோ பட்டாயாவுக்கோ போய் ஒரு கிழமை நிற்கலாம். போன இடத்தில் காற்று கூடி இரண்டு நாள் விமானம் ஏறாமல் போவதும் வழமைதான். இப்படி ஓடுகிற பொழுதுபோக்கில் சொந்தமாக எதை வாங்குவது? பரசூட் தொகுதி வேண்டாம். முதல் பரசூட் விரியாவிட்டால் உதவும் மேலதிகப் பரசூட்டை 180 நாளைக்கு ஒருமுறை ரிகர் எனப்படும் உரிமம் பெற்ற பரசூட் மடிப்பவர் பிரித்து மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, மற்ற நாடுகளிலும் இதைப்போல ஒரு கெடு உண்டு. வருசத்தில் ஒருக்கால் போகிறவருக்கு அது வீண் செலவு. ஹெல்மெற், ஜம்ப்சூட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முதலில் வாங்க வேண்டியது கையில் கட்டும் உயரமானி. அதிலும் ஊசி வைத்த, பற்றரி இல்லாத, அல்ரி-2 நிறுவனத்தின் கலக்ஸியைத்தான் நாங்கள் சொல்லுவோம்.

உள்ளே இருப்பது எளிமையான வேலைப்பாடு. காற்றை உறிஞ்சி அடைத்த மெல்லிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். மேலே போகப் போக வெளிக் காற்றழுத்தம் குறைய, குமிழ் மெல்ல உப்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி ஊசியைத் திருப்பும். முகம் மணிக்கூட்டைப் போல: உச்சியில் பூச்சியம், ஒரு முழுச் சுற்று 12,000 அடி. கீழ்ப்பகுதி உயரங்களுக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்திருக்கும்.

இந்த முகத்துக்காகவே நாங்கள் கலக்ஸியின் பக்கம் நிற்கிறோம். வயிறு கீழே பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்கு 190 கிலோமீற்றர் அளவில் இருக்கும். முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி எடுக்கும், பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடியும் ஐந்தரை விநாடியில் போய்விடும். அந்த நேரத்தில் இலக்கத்தை வாசிக்கிறது ஒரு வேலை, ஊசியின் சாய்வைப் பார்க்கிறது வேறு வேலை. ஊசி நேரே கீழே நின்றால் 6,000 அடி. பயிற்சியில் இருக்கிறவர் ‘இழுக்கப் போகிறேன்’ என்று மற்றவர்களுக்குக் கைகாட்டிவிட்டுப் பரசூட்டை இழுக்கும் உயரம் பொதுவாக 5,500 அடி, அதாவது ஊசி நேர்கீழே வந்து சற்று வலப்பக்கம் தாண்டும் இடம். அரை விநாடிப் பார்வையில் இது பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள்: விமானம் 13,000 அடிக்கு ஏறியதும் ஊசி ஒரு சுற்று முடித்து ‘1’ இல் நிற்கும். புதியவர்களை இது ஒரு கணம் திகைக்க வைக்கும்.

இனி, யாழ்ப்பாணத்தில் வைத்தே இதைச் சோதிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் மலை இல்லை, நிலம் முழுக்கக் கடல்மட்டத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. ஆனால் காற்றழுத்தம் தானாகவே ஏறி இறங்குகிறது. வெப்பமண்டலத்தில் காலை 10 மணியளவில் அழுத்தம் உச்சத்துக்கு வந்து, பின்னேரம் 4 மணியளவில் 3 முதல் 4 ஹெக்டோபஸ்கால் வரை குறையும். கடல்மட்டத்தில் ஒரு ஹெக்டோபஸ்கால் ஏறக்குறைய 27 அடிக்குச் சமன். ஆகவே காலை 10 மணிக்கு ஊசியைப் பூச்சியத்தில் வைத்து மேசையில் விட்டால், 4 மணிக்கு அது 80 முதல் 110 அடி வரை காட்ட வேண்டும். மணிக்கூட்டு முகத்தில் அது அரை நிமிசக் கோடளவு இடைவெளிதான், என்றாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். ஊசி அசையாமல் நின்றால் விரல் நுனியால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் துள்ளி நகர்ந்தால் உள்ளே உராய்வு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு வெயில் நிலைத்த நாளே நல்லது. கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்தால் அழுத்தம் பத்து ஹெக்டோபஸ்கால் கூடக் குறையலாம், ஊசியும் 270 அடி ஏறி நிற்கும். அது கருவியின் பிழை அல்ல.

இரண்டாவது சோதனைக்கு உயரமானி உள்ளே போகக்கூடிய, வாய் அகன்ற ஒரு லீற்றர் கண்ணாடிச் சாடி, பாமசியில் வாங்கிய சேலைன் குழாய், 60 மில்லிலீற்றர் ஊசிக்குழல் வேண்டும். மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி, சுற்றிவரப் பசை வைத்துக் காற்றுப் புகாமல் அடையுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு உயரமானியை உள்ளே வைத்து மூடி, குழாயின் மறுமுனையில் ஊசிக்குழலை மாட்டி, அதன் தண்டை ஒருமுறை முழுதாக இழுத்தால் உயரமானியின் ஊசி 1,500 முதல் 1,800 அடி வரை போகும். குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் காற்றை விடுங்கள். ஊசி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நின்று நின்று, துள்ளித் துள்ளி இறங்கினால் அந்தக் கருவியோடு குதிக்கக் கூடாது. காற்றை உள்ளே தள்ளி அழுத்த வேண்டாம், பூச்சியத்துக்குக் கீழே தள்ளுவது குமிழுக்கு ஆகாது.

மூன்றாவது, மலைநாடு. பட்டிப்பொல ரயில் நிலையம் 6,200 அடிக்குச் சற்று மேல், இலங்கையில் ஆக உயரமான நிலையம் அதுதான். கொழும்புக் கோட்டையில் பூச்சியத்தில் வைத்துவிட்டு ஏறினால் அங்கே கலக்ஸி 5,900 அடியளவில்தான் காட்டும். இதைப் பார்த்துப் பலர் கருவி பழுது என்று முடிவுகட்டுவார்கள், அது தவறு. உயரமானிகள் எல்லாம் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்ற நியமக் காற்றை வைத்து அளவிடப்பட்டவை. எங்கள் காற்று அதைவிட 12 பாகையளவு சூடு. பத்துப் பாகைக்கு நான்கு வீதம் என்ற கணக்கில் ஏறக்குறைய ஐந்து வீதம் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் உயரமானியும் இதே பிழையைச் செய்யும். சூடான நாட்டில் நீங்கள் கருவி சொல்வதைவிட உயரத்தில் இருக்கிறீர்கள், குளிர் நாட்டில் அதற்கு மாறு. மாரியில் கனடாவில் குதிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும்.

கட்டுநாயக்கவில் இருந்து ஜெற் விமானத்தில் போகும்போது கைப்பொதியில் எடுத்து வைத்துப் பாருங்கள். பறக்கும் உயரம் 35,000 அடி என்றாலும் உள்ளே 6,000 முதல் 8,000 அடிக்குரிய அழுத்தம்தான் பேணப்படும், ஊசியும் அதைத்தான் காட்டும். கீழ்ப்பொதியில் போட வேண்டாம். பொதி எறிபடும்போது பற்சக்கரத்தின் நுண்ணிய அச்சு வளைந்தால் திருத்த இங்கே ஆள் இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி உயரமானி எதுவும் தரைக்கு அண்மையில் நம்பத்தக்கது அல்ல. 13,000 அடிக்குப் போய் வந்த குமிழ் உடனே பழைய வடிவத்துக்குச் சுருங்காது. தரையில் இறங்கியதும் ஊசி நூறு இருநூறு அடி தள்ளி நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பும். இறங்கும் பாதையை 1,000, 600, 300 அடி என்று பிரித்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த இருநூறு அடி பெரிய பிழை. அங்கே கண்ணால் மதிப்பிடப் பழக வேண்டும், அல்லது டிஜிட்டல் வேண்டும். பரசூட்டின் கீழ் நடக்கிற வேலைகளுக்கு எல்&பி நிறுவனத்தின் வீசோ போன்ற டிஜிட்டல் உயரமானிகள் தெளிவாகவே மேல். தரையில் தானாகப் பூச்சியத்துக்கு வரும், குதிப்புகளைப் பதிவு செய்து வைக்கும். ஆனால் எட்டு மாதம் அலுமாரியில் கிடந்துவிட்டுக் குதிதளத்தில் எடுக்கும்போது பற்றரி இறங்கியிருந்தால் அந்த வசதி ஒன்றும் கைகொடுக்காது.

இன்னொன்று, காற்றின் நிழல். முதுகு கீழே பார்க்க விழும்போது உடலுக்கு மேலே சுழல் காற்று உண்டாகும். கை அதற்குள் போனால் வாசிப்பு ஆயிரம் அடி வரை பிழைக்கலாம். எந்தக் கருவியாலும் இதைத் தவிர்க்க முடியாது. கையைச் சுத்தமான காற்றுக்குள் நீட்டி இன்னொருமுறை பார்க்க வேண்டும். உயரம் தெரியவில்லை என்ற சந்தேகம் வந்தால் யோசிக்காமல் பரசூட்டை இழுக்க வேண்டும்.

பூச்சியம் வைப்பது தரையில், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால். விமானத்துக்குள் பூச்சியம் வைக்கிற திருகியைத் தொடவே கூடாது. இடக்கையில் கட்டுங்கள், வலக்கை இழுப்பதற்கு. ஜம்ப்சூட்டின் கை விளிம்பு முகத்தை மூடாமல் பார்த்து, பட்டியின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

யாழ்ப்பாணக் காலநிலையில் பராமரிப்பு வேறு. நுளம்புக்குப் பூசும் டீற் கலந்த கிறீம் பிளாஸ்டிக் கண்ணாடியை மங்க வைத்து வெடிப்பு விழச் செய்யும். மாரி காலத்தில் டெங்குப் பயத்தில் எல்லோரும் கையில் பூசுகிற நேரம், பூசிய கையில் கட்டவே வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், துடைத்தால் வெள்ளைப் படலம் விடும். வடிகட்டிய தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியே போதும். மோட்டார் சைக்கிளின் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியில் வெயிலில் விட வேண்டாம். செம்மண் தூசி வெல்க்ரோவில் ஏறினால் பிடிப்பு விடும், பழைய பல் துலக்கும் பிரஷால் வாரி எடுங்கள். பட்டி கிழிந்தால் சப்பாத்துத் தைக்கிறவர் வடிவாகத் தைத்துத் தருவார். உயரமானியை மட்டும் மணிக்கூடு திருத்துகிறவரிடம் கொடுக்காதீர்கள். அவர் நல்ல மனதோடு தண்ணீர் புகாமல் பசை வைத்து அடைத்துவிட்டால் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் எட்டாது, ஊசி செத்துவிடும்.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பயிற்சிக்கு ஒன்று போதும். குதிப்புக்குப் போதாது: ஒரே விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் சொந்த உயரமானி இருக்க வேண்டும், ஒன்றை மாறி மாறிக் கட்டினால் சேர்ந்து குதிக்கவே முடியாது. இரண்டு பேர் சேர்ந்து பழகுவதன் முழுப் பெறுமதியும் விமானத்துக்குள்தான் தெரியும். 1,000 அடி தாண்டி ஆசனப் பட்டி கழற்றும் நேரம் இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், 6,000 இல் மறுபடியும். இரண்டுக்கும் இடையில் 500 அடி வித்தியாசம் வந்தால் பயிற்றுநரிடம் காட்டுங்கள். எது சரி என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம்.

இங்கே இருக்கும் மாதங்களில் செய்யக்கூடியது இது: மட்டையில் 12,000 அடி முகம் வெட்டி, நடுவில் ஊசி குத்தி, ஒருவர் கட்டிலில் வயிறு வளைத்துப் படுக்க, மற்றவர் சட்டென்று ஒரு நிலைக்குத் திருப்பி ஒரு கணம் காட்டி மறைக்க வேண்டும். படுத்திருப்பவர் இலக்கத்தைச் சொல்லக் கூடாது. ‘விழு’, ‘கைகாட்டு’, ‘இழு’ என்று செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். முதல் நிலை உரிமமான ஏ உரிமம் எடுக்க 25 குதிப்பு, எடுத்த பிறகு 60 நாள் குதிக்காமல் விட்டால் பயிற்றுநரோடு மீள்பயிற்சி வேண்டும் என்று அமெரிக்கப் பரசூட் சங்கம் சொல்கிறது. எங்களில் அநேகர் ஒவ்வொரு பயணத்திலும் அந்த நிலையில்தான் போய் இறங்குவோம். அதற்கான காசையும் முதல் நாளையும் ஒதுக்கியே திட்டமிடுங்கள். சோர்ந்துபோக வேண்டியதில்லை, மட்டைப் பயிற்சியை விடாதவர்கள் அந்த ஒரு குதிப்பிலேயே தேறிவிடுவார்கள்.

வாங்கும்போது முகத்தைக் கவனியுங்கள். பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருக்கிற அண்ணா ஆசையாக வாங்கி அனுப்பினால் அது மீற்றர் முகமாக வந்து சேரும், அங்கே மீற்றரில்தான் குதிக்கிறார்கள். துபாய், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து எல்லாம் அடி. 1,000 மீற்றர் என்பது 3,281 அடி, விழும்போது இந்தக் கணக்கைப் போட நேரம் இல்லை. ஆகவே எந்த அலகில் படித்தீர்களோ அந்த முகத்தை எழுதிக் கேளுங்கள். பழையது வாங்கினால் கண்ணாடிக்கு உள்ளே ஈரப்படலம் இருக்கிறதா, பூச்சியம் வைக்கிற திருகி தளர்ந்து சுற்றுகிறதா என்று பார்த்து, சாடிச் சோதனை முடிந்த பிறகு காசைக் கொடுங்கள்.