ராத்திரி ஒரு மணிக்கு யாரிடம் பேசுவது: ஏஐயா, 14416-ஆ?

போன வருஷம் ஐப்பசி மழையில் ஊரில் சம்பா மூழ்கியது. அப்பா போனில், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நீ படி" என்றார். கும்பகோணத்தில் அறை எடுத்து எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன், மூன்று அரியர், பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. அப்போதுதான் ஏஐ செயலி, 14416 என்ற மனநல உதவி எண் இரண்டிலும் பேசிப் பார்த்தேன்.

செலவும் நேரமும் பிரச்சினையே இல்லை. நான் பயன்படுத்திய ஏஐ செயலி இலவசம், எந்நேரமும் பதில் வரும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், அதாவது 14416-ம் அப்படித்தான், தமிழிலேயே பேசலாம். ஒரு விஷயத்தில் ஏஐ முந்துகிறது: தட்டச்சு செய்தால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்குக் கேட்காது. போன் பேச மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டியிருந்தது. கொசு வேறு.

ஆனாலும் என் ஓட்டு 14416-க்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று, எதிர்க்கேள்வி. ஏஐயிடம் "படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன். புரிகிறது, துணிச்சலான முடிவு என்றது. கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதித் தரவா என்று அதுவே கேட்டு, பெறுநர், பொருள், ஐயா எல்லாம் போட்டுப் பிழையில்லாமல் எழுதியும் கொடுத்துவிட்டது. எங்கள் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகூட யாராவது தட்டினால்தான் ஆடும். இது ஏஐக்குப் பொதுவாக உள்ள வியாதி. நான் பயன்படுத்தியது சாட்ஜிபிடி இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் அதன் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே திரும்பப் பெற்றது.

14416-ல் பேசிய அம்மா கடிதக் கதையை முழுக்கக் கேட்டார்.

"குடுத்துட்டீங்களா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

"அரியர் பரீட்சை எப்போ?"

"ஏப்ரல்ல."

"அப்போ அந்த லெட்டரை மே மாசமும் குடுக்கலாமே. சரி, தூங்கி எத்தனை நாளாச்சு?"

தூக்கத்துக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். போனேன்.

நான் பேசியது இரண்டே முறை. ஒவ்வொரு முறையும் இப்படி ஒருவர் கிடைப்பார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மனநலத்துக்கென்றே செய்த வைசா போன்ற செயலிகளையும் இரண்டு நாள்தான் தொட்டுப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது. படிப்பு அட்டவணை போட, மூச்சுப் பயிற்சிக்கு இன்றைக்கும் ஏஐதான். ஆனால் உயிரை விடும் எண்ணம் லேசாக எட்டிப்பார்த்தாலும் தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள், நேராக 14416.

கடிதத்தை ஏப்ரல் பரீட்சைக்கு முந்தின நாள்தான் போனிலிருந்து அழித்தேன். இரண்டு அரியர் முடிந்தது. ஒன்று பாக்கி இருக்கிறது.