மோஷனில் அடுக்குருக்களை அசைத்தல்: ஆறு வருடப் பயன்பாட்டில் கண்டவை

யாழ்ப்பாணத்தில் திருமணக் காணொளிகளுக்கான முகப்புகளை அப்பிள் நிறுவனத்தின் மோஷன் மென்பொருளில் ஆறு வருடங்களாகச் செய்து வருகிறேன். இங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் புள்ளிக் கோலம், குத்துவிளக்கு வரிசை, மாவிலைத் தோரணம் என ஒரே உரு திரும்பத் திரும்ப வருபவையாதலால், நான் அதிகம் புழங்கியது, ஓர் உருவைப் பல பிரதிகளாக அடுக்கித் தரும் ரெப்ளிக்கேற்றர் என்ற அதன் கருவியோடுதான்.

ஒரு மல்லிகைப் பூவைக் கொடுத்தால் அது முதலில் ஐந்துக்கு ஐந்தாக 25 பூக்களை அடுக்கித் தரும். அடுக்குவதில் சிரமமில்லை, அசைப்பதில்தான் நெடுநாள் தடுமாறினேன். பூக்கள் சுழலட்டும் என்று ‘ஸ்பின்’ என்ற பிகேவியரை (பிகேவியர் என்பது ஆயத்தமாக உள்ள அசைவு) ரெப்ளிக்கேற்றரின் மேல் போட்டபோது, கோலம் முழுவதும் வண்டிச் சக்கரம் போலச் சுற்றியது. அதற்குள் இருக்கும், ஒவ்வொரு பிரதியையும் ஆளும் ‘செல்’ மேல் போட்ட பின்னரே ஒவ்வொரு பூவும் தன்னிடத்தில் நின்று சுழன்றது. ஆனால் எல்லாம் ஒரே தாளத்தில், அணிவகுப்புப் போல. ரெப்ளிக்கேற்றரின் மேல் போடும் ‘ரண்டம் மோஷன்’ (ஒழுங்கற்ற அலைவு) போன்ற சிமுலேஷன் பிகேவியர்களில் ‘அஃபெக்ட் சப்ஒப்ஜெக்ட்ஸ்’ என்ற பெட்டியைத் தெரிவு செய்தால் பூக்கள் தனித்தனியே அலையும், விட்டால் கோலமே அலையும். இந்தச் சிறு பெட்டிக்காக நான் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

என் வேலையை உண்மையில் மாற்றியது, பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அசைக்கும் ‘சீக்வென்ஸ் ரெப்ளிக்கேற்றர்’ பிகேவியர். அண்மையில் ஒரு பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) முகப்பில், ஒபாசிற்றியை (ஒளிபுகாத்தன்மை) அதில் சேர்த்துப் பூச்சியமாக்கி, அந்த நிலையிலிருந்து இயல்பு நிலைக்கு வரும்படி வரிசைமுறையை ‘ஃப்ரொம்’ என்று வைத்து, அடுக்கின் ‘ஒரிஜினை’ (தொடங்கும் இடம்) நடுவுக்கு மாற்றினேன். கோலம் நடுப்பூவிலிருந்து வெளியே விரிந்தது. ‘ஸ்பிரெட்’ அளவைக் கூட்டியபோது ஒரு பூ தோன்றி முடியுமுன்னரே அடுத்தது தொடங்கியதால், வெட்டு வெட்டாகத் தெரிந்தது குழைந்து ஓடியது. பிறகு வீட்டார் நாதஸ்வர இசையை மாற்றிவிட்டார்கள். 100 பிரேம், அதாவது 4 செக்கன், நீளமாக இருந்த பிகேவியரின் பட்டையை 75 பிரேமுக்கு இழுத்துச் சுருக்கினேன். அவ்வளவுதான், கீபிரேம் (கையால் குறிக்கும் அசைவுப் புள்ளி) ஒன்றையும் தொடவில்லை.

குறையும் உண்டு. தவிலின் அடிகள் சீரான இடைவெளியில் விழுவதில்லை, சீக்வென்ஸோ சீராகவே பரவுகிறது. இன்ன அடியில் இன்ன பூ மலர வேண்டும் என்று கேட்டால், அந்தப் பூக்களைத் தனியே வைத்துக் கையால்தான் அசைக்கிறேன். கூறைச் சேலைக் கரையை அடுக்கும்போது எந்தப் பிகேவியரையும் போடுவதில்லை. அசைந்தால் நெசவு தெரியாமல் போய்விடுகிறது.