பொழுதுபோக்குத் தையல் தொழிலாகுமா? சிங்கர் 4423, ஜூகி டிடிஎல்-8700: ஒரு மதிப்பீடு

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் கொஞ்சம் நன்றாகத் தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது: "இவ்வளவு வடிவாய்த் தைக்கிறீர், இதையே தொழிலாய்ச் செய்யலாமே?" கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் விருப்பமும் தொழிலும் பிரியும் இடம், வீட்டு மெசின் ஒன்றிலும் தொழிற்சாலை மெசின் ஒன்றிலும் மாறி மாறி இருந்து தைத்தவர்களுக்கே தெளிவாகத் தெரியும். அலுவலக வேலையை விடாமல் வார இறுதிகளில் சேலை பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் நான், வீட்டு மெசினான சிங்கர் ஹெவி டியூட்டி 4423, தொழிற்சாலை மெசினான ஜூகி டிடிஎல்-8700 ஆகிய இரண்டையும் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

சிங்கர் 1877 முதல் இலங்கையில் இருக்கும் பெயர் என்பதால் அதற்கு அறிமுகம் தேவையில்லை. 4423 மொடலில் 23 தையல் வகைகள் உண்டு: அடிப்படைத் தையல் 6, இழுபடும் துணிகளுக்கு 4, அலங்காரத் தையல் 12, பொத்தான் துளை 1. வேகம் நிமிடத்துக்கு 1,100 தையல் வரை. அடிநூல் சுற்றிய பொபினை மேலிருந்தே போடலாம்; அதன் மூடி ஊடே பார்க்கக்கூடியது என்பதால், நூல் முடியப்போவதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். கழுத்தோரத்தில் ஒரு புது வேலைப்பாட்டை முயன்று, பிடிக்காவிட்டால் பிரித்து, வேறொன்றைப் போட்டுப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு இதைவிட அதிகம் வேண்டியதில்லை.

ஜூகி டிடிஎல்-8700 வேறு இனம். நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடிய இந்த மெசின் நேர்த்தையல் ஒன்றை மட்டுமே போடும். சிக்சாக் இல்லை, பொத்தான் துளை இல்லை. மேசைக்குக் கீழே இருக்கும் தகட்டை முழங்காலால் தள்ளினால் அழுத்து பாதம் 13 மில்லிமீற்றர் வரை எழும்புவதால், இரண்டு கைகளும் துணியை விட்டு அகலத் தேவையில்லை. பழகிய பின் வீட்டு மெசினுக்குத் திரும்பும்போது முழங்கால் தானாக வெறுங்காற்றைத் தள்ளும். வீட்டு மெசின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையானது. பிழையாகப் போடுவது கடினம். இதன் ஊசித் தண்டோ முழு உருண்டை. நீண்ட பள்ளம் சரியாக இடப்பக்கம் பார்க்கும்படி கண்ணால் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். சற்றுத் திரும்பியிருந்தாலும் இடையிடையே தையல் விழாமல் விட்டுப்போகும். அடித்தட்டில் எண்ணெய் நிரப்பி, மேலுள்ள சிறு கண்ணாடியில் எண்ணெய் தெறிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

வேகம் ஐந்து மடங்கு என்றால் பிளவுஸும் ஐந்து மடங்கு தைக்கலாமா? முடியாது. அளவெடுப்பது, லைனிங் துணியை நனைத்துக் காயவிடுவது, வெட்டுவது, உடல் வடிவுக்காகப் பிடிக்கும் மடிப்புகளான டார்ட்டைக் குறிப்பது, ஓரங்கள் நூல் பிரியாமல் ஓவர்லொக் அடிப்பது, கொக்கிகளைக் கையால் தைப்பது ஆகிய எதையும் ஜூகி ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. நீளமான நேர்க்கோடுகளில்தான் அதன் வேகம் காசாகும்: சேலைக்கு போல்ஸ் (கீழோரத்தின் உட்புறத்தில் தைக்கும் துணிப்பட்டி) வைப்பது, திரைச்சீலை, தலையணை உறை, பாடசாலைச் சீருடை. ஆகவே இந்த மெசினை வாங்கி அதன் செலவை மீட்க நினைப்பவர், தனக்குப் பிடித்த கழுத்து வேலைப்பாட்டை விட்டுவிட்டுத் திரைச்சீலைப் பக்கம் மெல்ல நகர்ந்துவிடுவார். அதில் இழுக்கு எதுவும் இல்லை, நல்ல வருமானமும் வரலாம்; ஆனால் அவரைத் தையலுக்குள் இழுத்துவந்த விருப்பம் அதுவல்ல. கலியாண மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பிளவுஸ் ஓடர் படுத்துவிடும், வாடகை மட்டும் மாதாமாதம் வரும். "கை கொஞ்சம் இறுக்குது அக்கா" என்று திரும்பி வரும் பிளவுஸுக்கு, தெரிந்தவர்களிடம் கூலி கேட்கும் துணிவும் வேண்டும் (எனக்கு அது இன்னும் வரவில்லை).

பாவித்த மெசின் வாங்குபவர்கள் முதலில் மோட்டரைப் பார்க்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வருபவற்றில் மூன்று பேஸ் மோட்டர் பூட்டியவை இருக்கும். ஒற்றை பேஸ் மின்சாரம் மட்டுமுள்ள அடுக்குமாடி வீட்டில் அது பயன்படாது. கிளச் மோட்டர், தைக்காமல் இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். சேர்வோ மோட்டர் மிதித்தால் மட்டுமே ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு, இடையில் அது குறைக்கப்பட்டிருந்தாலும், இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. சொல்லப்படும் விலை தலைப்பகுதிக்கு மட்டுமா, மேசை, ஸ்டாண்ட், மோட்டர் எல்லாம் சேர்த்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேசை ஏறக்குறைய 4 அடி நீளமும் 20 அங்குல அகலமும் கொண்டது. கீழ்வீட்டுக்காரர் இரவு நேரத்து அதிர்வைப் பொறுப்பாரா என்பது தனிக் கேள்வி.

மெசின் என்ற அளவில் ஜூகிக்கே என் முதலிடம். அதன் நேர்த்தையலின் சீரை வீட்டு மெசினில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தையலில் விருப்பம் உள்ள எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலையை விடுவதற்கு முன், கையிலிருக்கும் வீட்டு மெசினிலேயே ஒரு கலியாணக் காலம் முழுவதும் போல்ஸும் திரைச்சீலையும் மட்டும் கூலிக்கு எடுத்துத் தைத்துப் பாருங்கள். அலுக்கவில்லை என்றால் சேர்வோ மோட்டருடன் ஜூகியை வாங்கலாம். அப்போதும் வீட்டு மெசினை விற்றுவிடாதீர்கள். ஜூகியில் பொத்தான் துளை போட முடியாது.